பெருங்காய டப்பாவில் ஐந்து வோல்ட்

என் வண்டியின் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பிலிம் டப்பா கட்டியிருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் போட்டு வரும் அந்தக் காலத்து டப்பாதான். உள்ளே இருப்பது நானே செய்த போன் சார்ஜர். பிலிம் காலம் முடிந்த பிறகு எங்கள் சமையலறையில் அப்படி இரண்டு டப்பாக்கள் தங்கிவிட்டன. ஒன்றில் பெருங்காயத் தூள், இன்னொன்றில் ஏலக்காய். ஈரம் உள்ளே போகாது, வாசனை வெளியே வராது. பெருங்காயத்தைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் மொட்டை மாடிக்குப் போனதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

வண்டி 2006-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா, 100 சிசி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகப் போளூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவேன். அங்கே ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். வருடத்துக்கு மூன்று முறையாவது இது உண்டு. மலையில் ஊருக்கு ஊர் பிரியும் சிறு சாலைகளில் வழி தவறுவது எனக்குக் கைவந்த கலை. அதனால் மகள் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய போனை ஹேண்டில்பாரில் மாட்டினேன். புதுப் போனை மாட்டத் துணிவில்லை. வண்டியின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் தன் ஐபோன்களைப் பற்றி எச்சரித்திருந்தது.

டவர் இல்லாத மலையில் வரைபடம் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஜிபிஎஸ் சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, டவரிலிருந்து அல்ல. பிரச்சினை வேறு இடத்தில். வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தை முழுவதும் ஏற்ற வேண்டும். தாம்பரத்தில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் வந்தவாசியில் அறுபது, சேத்துப்பட்டில் முப்பது. வழி உண்மையிலேயே தெரியாத இடம் வரும்போது போன் கண்ணை மூடிவிடும். கடையில் விற்கும் சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டியும் பார்த்தேன். ஒரே மழையில் அதன் வாய் துருப்பிடித்தது. அப்போதுதான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

வேலை எளிதுதான். வண்டியின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்க வேண்டும். கல்லூரி நாட்களில் தெரிந்த 7805 மூன்று கால் ஐசி முதலில் நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டதும் விட்டுவிட்டேன். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் பதினான்கு வோல்ட் வரும். மீதி ஒன்பது வோல்ட்டை அந்த ஐசி வெப்பமாக்கியே தீர்க்கும். ஒரு ஆம்பியருக்கு ஒன்பது வாட். டப்பாவுக்குள் அடுப்பு வைத்த மாதிரி. சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில், எல்எம் 2596 என்ற ஐசி போட்ட பக் கன்வெர்ட்டர் பலகை கிடைத்தது. அவ்வளவு வெப்பமாக வீணாக்காமல் வோல்ட்டைக் குறைப்பது அதன் வேலை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் ஒல்லி, நாற்பத்து மூன்று மில்லிமீட்டர் நீளம். பிலிம் டப்பாவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அதில் நீல நிறத்தில் ஒரு சிறு பெட்டி, தலையில் பித்தளைத் திருகு. திருகினால் வோல்ட் மாற வேண்டும். பத்துச் சுற்று திருகியும் மல்ட்டிமீட்டர் அசையவில்லை, பலகை பழுது என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சட்டென்று எண் இறங்கத் தொடங்கியது. 5.1-ல் நிறுத்தினேன். போனை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அடுத்தது என் அறிவீனம். இரண்டு ஒயர் பொருத்திய இண்டிகேட்டர் பல்பை வைத்துக்கொண்டு மின்சாரம் எங்கே வருகிறது என்று ஹெட்லைட்டுக்குள் தேடினேன். என்ஜின் ஓடும்போது ஹெட்லைட் ஒயரில் பல்பு அழகாக எரிந்தது. அதிலேயே பலகையை இணைத்தேன். வண்டியைக் கொஞ்சம் முறுக்கினேன். 'டப்' என்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம், பலகையின் மின்தேக்கி மண்டை பிளந்து கிடந்தது. இந்த வயது வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, காயிலிலிருந்து நேராக வரும் மாறுமின்சாரத்தில் எரிகிறது. முறுக்கினால் வெளிச்சம் கூடுவதும் விட்டால் மங்குவதும் அதனால்தான். பத்தொன்பது வருடமாக அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். பல்புக்கு நேர்மின்சாரமும் ஒன்றுதான், மாறுமின்சாரமும் ஒன்றுதான், பலகைக்கு அப்படியில்லை.

இரண்டாவது பலகைக்குப் பேட்டரி பக்கத்து ஒயர்தான் வேண்டும், அதுவும் சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர் வரும் ஒயராக. பேட்டரியிலேயே நேராக மாட்டலாமே என்றால், போன் இல்லாவிட்டாலும் இந்தப் பலகை பத்து மில்லி ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் வண்டியின் பேட்டரி 2.5 ஆம்பியர்-அவர்தான். பத்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் ஹாரன் கூட அடிக்காது.

இங்கே நிறம் ஒரு பொறி வைத்திருக்கிறது. யுஎஸ்பி கேபிளை அறுத்தால் சிவப்பு ஐந்து வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. ஹோண்டா வழி வண்டிகளில் பச்சைதான் எர்த். சாவி போட்டதும் மின்சாரம் வருவது கறுப்பில். கறுப்போடு கறுப்பைச் சேர்க்கக் கை போய்விட்டது. முந்தின 'டப்' காதில் இருந்ததால் மீட்டர் வைத்துப் பார்த்துத் தப்பித்தேன். கறுப்பிலிருந்து பிரிந்த உடனேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டேன். என் கைவேலை கெட்டால் அது மட்டும் போகட்டும், வண்டியின் ஃபியூஸையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

போன் 'சார்ஜ் ஆகிறது' என்றது. ஆனால் அரை மணி நேரத்தில் நான்கு சதவீதம் குறைந்திருந்தது! பச்சையும் வெள்ளையும் சும்மா தொங்கினால், எதிரில் இருப்பது கணினி போலும் என்று போன் கூச்சப்பட்டு அரை ஆம்பியருக்கு மேல் கேட்பதில்லை. அந்த இரண்டையும் சாக்கெட் பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டால், எதிரில் இருப்பது சார்ஜர் என்று புரிந்துகொண்டு ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு அங்குல ஒயரில் தீர்ந்த இந்தக் காரியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

எல்லாம் முடிந்தது என்று கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டவில்லை, சார்ஜ் வருவதும் போவதுமாக இருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் வரும், நேராக்கினால் போகும். திரும்பிவந்து, எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். நான் ஈயப் பற்று வைத்து இணைத்த இடத்தை மூடியிருந்த ஸ்லீவை அவர் நகத்தால் விலக்கிப் பார்த்தார். ஈயம் பளபளவென்று அப்படியே இருந்தது. ஈயம் முடிந்து வெறும் ஒயர் தொடங்கும் அந்த ஒரு நூல் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மூன்றே மூன்று பாக்கி.

"பற்று நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள் சார். ஒயரைப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?" என்றார்.

"புரியவில்லை அண்ணா."

ஒயர் வளையும், ஈயம் ஏறிய இழை குச்சியாகிவிடும். குச்சியும் ஒயரும் சந்திக்கும் இடத்தில்தான் வண்டியின் ஆட்டம் முழுவதும் வந்து விழும் என்று விளக்கினார். "இந்த வண்டியின் ஒயரிங்கில் எத்தனை இணைப்பு இருக்கிறது, ஒன்றிலாவது ஈயம் பார்த்தீர்களா? எல்லாம் நசுக்கிப் பிடித்த முனைகள். செம்பை மட்டுமா, மேல் தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பாருங்கள்."

வோல்ட், ஆம்பியர் என்று நான் இரண்டு மாதம் படித்தது போக, இணைப்புக்கு வேண்டியிருந்தது ஒரு பிடிதான். ஒயர் முனைகளை நசுக்கி மாட்டினேன். பலகையில் ஈயம் வைத்தே ஆக வேண்டிய இடங்களில் ஒயரை டப்பாவுக்குள்ளேயே ஒரு முடிச்சுப் போட்டு, எம்-சீல் வைத்து அடைத்தேன். இழுத்தால் முடிச்சு இழுபடும், பற்று இழுபடாது. டப்பாவை மூடி கீழே பார்க்கும்படி கவிழ்த்துக் கட்டினேன். ஒயர் மூடியில் நுழைவதற்கு முன் ஒரு சிறு தொங்கல், மழைத்தண்ணீர் வழிந்து அங்கேயே சொட்டிவிடும். போன் பக்கம் நேர் பின்னுக்குப் பதில் 'எல்' வடிவப் பின். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்த பிறகே ஒயரின் நீளத்தை முடிவு செய்தேன்.

ஐப்பசியில் போனேன். சேத்துப்பட்டிலிருந்து போளூர் வரை கொட்டியது. பாலித்தீன் பைக்குள் இருந்த போன் தொண்ணூற்றாறு சதவீதம் காட்டியது. தங்கை வீட்டு வாசலில் நின்று, மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பொட்டு ஈரமில்லை. பலகையின் சூட்டில் ஊறி, பக்கத்தில் நின்ற தங்கை கணவரின் மூக்கு வரை பெருங்காய வாசனை எழுந்தது.

"என்ன மச்சான், வண்டிக்குள் ரசம் வைத்திருக்கிறீர்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஒன்று வேண்டுமாம். பலகை ரிச்சி தெருவில் கிடைத்துவிடும், ஃபியூஸ் என்னிடமே இருக்கிறது. ஏலக்காய் டப்பாவைப் பற்றித்தான் வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.