சிறு ஜோடிகளுக்கு என்ன விலை கொடுக்கலாம்: ஒரு போக்கர் நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

ஆளுக்கு இரண்டு சீட்டு கையிலும் ஐந்து பொதுச் சீட்டு மேசையிலும் வரும் போக்கரில், இரண்டு முதல் ஆறு வரையிலான ஜோடிகளை (‘நான்கு ஜோடி’ என்றால் நான்கு எண் கொண்ட இரு சீட்டுகள்) எப்போது விளையாடுவது, எப்போது மடக்குவது, அதாவது கைவிட்டு விலகுவது என்ற ஒரே கேள்விக்காக இம்மாதக் குறிப்புகளை ஒதுக்கியிருக்கிறேன். கையில் ஜோடி இருக்கும்போது, ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில், அதே எண் விழுந்து செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டுகள்) அமையும் வாய்ப்பு சுமார் 11.8 சதவீதம், அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. ₹5/₹10 பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) உள்ள ஆறு பேர் மேசையில் ஆளுக்கு ₹1,000 இருக்க, முதல் இருக்கைக்காரர் ₹30க்கு உயர்த்த, நான் பட்டனிலிருந்து (ஃப்ளாப் முதல் கடைசியாக ஆடும் இருக்கை) கால் செய்வதாக, அதாவது அதே தொகையைக் கட்டுவதாகக் கொள்வோம். செட் அமையாத ஏழரை முறையில் போவது ₹225. பாட்டில், அதாவது நடுவில் சேரும் பந்தயத் தொகையில், ஏற்கெனவே கிடப்பது அவருடைய ₹30ம் பிளைண்டுகள் ₹15ம் சேர்ந்து ₹45. ஆகவே செட் அமையும் அந்த ஒரு முறையில் எதிராளியிடமிருந்து சராசரியாக மேலும் ₹180 வந்தால்தான் கணக்கு நேராகும். செட் அமைந்தும் தோற்கும் ஆட்டங்களையும், ஆட்டத்தை நடத்தும் தளம் பாட்டிலிருந்து பிடிக்கும் பங்கான ரேக்கையும் சேர்த்தால் இன்னும் அதிகம் வேண்டும். கால் தொகையைப் போலப் பத்து மடங்கு எதிராளியிடம் இருந்தால் போதும் என்ற பழைய விதி, அவர் ஒவ்வொரு முறையும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார் என்று நம்புகிறது. அப்படி யாரும் கொடுப்பதில்லை.

2024 மார்ச் 6, புதன்

செட் அமைவது பாதிதான். அதற்குப் பணம் கட்டக்கூடிய சீட்டு எதிராளியிடமும் இருக்க வேண்டும். மொத்தமுள்ள 1,326 இருசீட்டுச் சேர்க்கைகளில் பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை 30 சேர்க்கைகள் உள்ளன. முதல் இருக்கையிலிருந்து 15 சதவீதக் கைகளை மட்டும் உயர்த்தும் இறுக்கமான ஆட்டக்காரரிடம் அவை சுமார் 200இல் 30. பட்டனிலிருந்து 45 சதவீதத்தை உயர்த்துபவரிடம் அதே 30, சுமார் 600இல் கரைந்துவிடுகின்றன. இறுக்கமானவரைக் கண்டு ஒதுங்குவதே பலருடைய வழக்கம். என் பார்வையில், செட்டை எதிர்பார்த்துக் கால் செய்வதற்கு அவரே ஏற்ற ஆள். தளர்வாக உயர்த்துபவர் ஃப்ளாப்பில் ஒன்றும் அமையாமல் விலகிவிடுவார்.

2024 மார்ச் 10, ஞாயிறு

இன்று நான்கு ஜோடியோடு பட்டனில் இருந்தேன். முதல் இருக்கைக்காரரின் ₹30க்குக் கால் செய்தேன். ஃப்ளாப்பில் ஜாக், எட்டு, நான்கு விழுந்தன, முதல் இரண்டும் ஹார்ட்டின். அவர் ₹50 கட்டினார். உடனே ₹160 ஆக உயர்த்தினேன், அவர் கால் செய்தார். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) இரண்டு வந்ததும் ₹270 கட்டினேன், அதற்கும் கால் செய்தார். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஆறு வர, மீதமிருந்த ₹540ஐயும் உள்ளே தள்ளினேன். அவர் நெடுநேரம் யோசித்துக் கால் செய்து ராணி ஜோடியைக் காட்டினார்.

செட்டை ஒளித்து மெதுவாக ஆட வேண்டும் என்பவர்கள் பாட்டின் வளர்ச்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. இத்தகைய பாட் ஃப்ளாப்பில் ₹75 ஆக இருக்கும். ஆளுக்கு மீதமிருப்பது ₹970. பாட் அளவுக்கே மூன்று சுற்றும் கட்டினால் 75, 225, 670 என்று முழுத்தொகையும் போய்ச் சேரும். ஒரே ஒரு சுற்றைச் செக் செய்து, அதாவது பணம் கட்டாமல், விட்டுவிட்டால், அதே அளவில் கட்டி இரண்டு சுற்றில் சேர்வது ₹300 மட்டுமே.

2024 மார்ச் 15, வெள்ளி

மறு உயர்த்தல் வந்தால் சிறு ஜோடியைப் பெரும்பாலும் மடக்குகிறேன். என் ₹30ஐ ஒருவர் ₹100 ஆக்கினால், மேலும் ₹70 கட்ட வேண்டும். அவரிடம் மீதமிருப்பது ₹900. முன் கணக்கின்படி, செட் அமையும்போது அந்த 900இல் சராசரியாக ₹380 வர வேண்டும். ஏஸ்-ராஜா வைத்திருப்பவர் ஒன்பது, ஐந்து, மூன்று விழுந்த ஃப்ளாப்பில் அவ்வளவு தருவாரா?

இரண்டு எண் ஜோடியையும் ஆறு எண் ஜோடியையும் ஒரே வகையில் சேர்ப்பதும் சரியில்லை. மூன்று ஜோடி வைத்திருக்கும்போது மேசையில் ராஜா, ஒன்பது, ஒன்பது, ஐந்து என்று வந்து ரிவரில் இன்னொரு ஐந்து விழுந்தால், மேசையிலுள்ள இரண்டு ஜோடிகளே எல்லோருக்கும் பொதுவாகி, கையிலுள்ள ஜோடிக்கு மதிப்பே இல்லாமல் போகும். ஏஸ்-ராணி வைத்திருப்பவர் ஏஸைக் கொண்டே வென்றுவிடுவார்.

2024 மார்ச் 16, சனி

டூர்னமெண்டில் பெரிய பிளைண்டைப் போலப் பத்து மடங்கு அளவே மிஞ்சியிருக்கும்போது செட்டுக்காகக் கால் செய்ய இடமில்லை. இரண்டு பெரிய பிளைண்ட் கட்டினாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எல்லோரும் மடக்கிப் பட்டனில் எனக்கு ஆட்டம் வந்தால் சிறு ஜோடியோடு ஆல்-இன் போடுகிறேன், அதாவது கையிலுள்ள அனைத்தையும் கட்டுகிறேன். பிளைண்ட் வைத்த இருவரும் பல சமயம் மடக்கிவிடுவதால் அந்தச் சிப்ஸ் சண்டையின்றி வருகிறது. ஏஸ்-ராஜா கால் செய்தாலும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு உண்டு. பிறர் போட்ட ஆல்-இன்னுக்கு அதே சிறு ஜோடியோடு கால் செய்வது வேறு. எதிராளி மடக்கும் வாய்ப்பு அங்கே இல்லை. சிறப்பாக அமைந்தால் சரிபாதி, அவரிடம் பெரிய ஜோடி இருந்தால் ஐந்தில் ஒன்று. அந்த இடத்தில் மடக்கிவிடுகிறேன்.