காசிமேட்டுக் காலை

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. நாலரை மணி விழிப்பு மட்டும் மாறவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்தால், காசிமேட்டில் ஏலம் சூடு பிடித்திருக்கும். "செவுளத் தூக்கிப் பாருண்ணா" என்றார் மீன்காரம்மா. தூக்கினேன், ரத்தச் சிவப்பு. கண்ணும் கலங்கவில்லை. அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்பேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. நம்ம ஏரியாவுக்கு எவ்வளவு பெரிய பெருமை! போன மாதம் பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தூண் தூணாகத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. மெட்ரோ ஏறி, தேரடியில் இறங்கி, வடிவுடையம்மனைப் பார்க்கப் போய்விடுவேன். அப்புறம் குளத்தங்கரையில் நண்பர்களோடு அரட்டைதான்.