‘விமானப்படை’ என்று எழுதிவிடாதீர்கள்

1942 ஏப்ரல் பத்திரிகை பார்க்க எனக்கு மூன்று நாள் லீவு போனது. மகள் பாடசாலைக் கண்காட்சிக்கு லெனாட் பேர்ச்சலைப் பற்றிச் செய்கிறாள். கனடா விமானப்படைக்காரர். ஏப்ரல் 4ஆம் திகதி தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து கட்டலீனா விமானத்தில் போய், ஜப்பான் கடற்படை வருவதைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் தகவல் அனுப்பியவர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தபோது பல கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுப் போயிருந்தன.

முதல் நாள் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில், பழைய பத்திரிகைகள் வைத்திருக்கும் ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘விமானப்படை அதிகாரி ஒருவரின் வரலாறு’ என்று எழுதினேன் பாருங்கள், அங்கேதான் பிழைத்தது. கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார், அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தார்.

“மிஸ், படை விஷயம் என்றால் அமைச்சிலிருந்து கடிதம் வேணுமே.”

“ஐயா, இவர் கனடாக்காரர். இலங்கைக்கு விமானப்படை வந்ததே 1951இல்தான்.”

“அதெல்லாம் சரி. இங்கே விமானப்படை என்றுதானே போட்டிருக்கு?”

திரும்பி வந்தேன். இரண்டாம் நாள் பாடசாலை அதிபரின் கடிதத்தோடு போனால், அதில் முத்திரை இல்லையாம். மூன்றாம் நாள் முத்திரையும் குத்திக்கொண்டு, படிவத்தில் ‘பழைய பத்திரிகை, 1942 ஏப்ரல், பாடசாலை வேலை’ என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் பத்திரிகைக் கட்டு மேசைக்கு வந்துவிட்டது!

தாளின் ஓரமெல்லாம் பொடிந்து சட்டைக்கையில் ஒட்டியது. ஒரு மணித்தியாலம் பேர்ச்சலின் பெயரைத் தேடினேன். இல்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது: விமானத்திலிருந்த ஒன்பது பேரில் உயிர் தப்பிய ஆறு பேரும் ஜப்பானியரிடம் கைதிகள், அந்த வாரம் பெயர் எப்படி வரும்? ஆளை விட்டுவிட்டுத் திகதியைப் பிடித்துத் தேடுங்கள்.

பேர்ச்சலுக்கு அந்தப் பறப்புக்காக டி.எஃப்.சி. என்ற, விமானிகளின் வீரத்துக்கான பிரித்தானியப் பதக்கம் கிடைத்தது. ஓ.பி.ஈ. என்ற பிரித்தானிய விருது கிடைத்தது ஜப்பானியரின் கைதி முகாமில் நடந்துகொண்ட விதத்துக்காக. நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது எதிர்த்து நின்று அடிவாங்கியவர். மகளுக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான்.

பேனாவை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், பென்சில் இரண்டு கொண்டுபோங்கள். என்னுடைய ஒன்று பாதியில் முறிந்து, அந்த முதல் நாள் கவுண்டர்க்காரரிடமே கட்டர் இரவல் கேட்க வேண்டியதாயிற்று.