மதில்மேல் பூனையைத் தேடிப் போன வாரம்

இருபது சர்க்யூட் போர்டு வந்ததில் பதினேழாவது அது. லேபில் எல்லாரும் அதைப் ‘பதினேழு’ என்றே கூப்பிட்டோம். மற்ற பத்தொன்பதும் சொன்ன பேச்சைக் கேட்டன. இது மட்டும் திங்கட்கிழமை காலையில் மக்கர் பண்ணும். 64 பிட் டிடிஆர்3 மெமரியில் (எட்டு சிப், சிப்புக்கு ஒரு பைட், அதாவது 8 பிட்) ஆறாவது பைட் மட்டும் குப்பையாக வரும், மற்ற ஏழும் சுத்தம். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பத்து மணிக்கு மேல் நூறு தடவை அணைத்துப் போட்டாலும் ஒரு தப்பு வராது.

“காப்பி குடிச்சாதான் இதுக்கு வேலை ஓடும் போலக்கா” என்றான் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி. சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. சனி, ஞாயிறு முழுக்க ஏசி ஓடி, திங்கள் காலையில் போர்டு ஜில்லென்று இருக்கும். கூலிங் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். செவ்வாய் மதியமும் தப்பு வந்தது. சரி, குளிர்தான்.

குளிர் என்றதும் எல்லாருக்கும் சால்டரிங் மேல்தான் சந்தேகம் வரும். எக்ஸ்ரே எடுத்தோம், பவர் சப்ளையை அலைக்காட்டியில் பார்த்தோம். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது பூட் லாகில், அதாவது போர்டு எழும்போது நடந்ததைப் பதிந்துவைக்கும் குறிப்பில். மெமரியை எழுப்பும்போது ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஒவ்வொரு பைட்டுக்கும் ‘ரைட் லெவலிங்’, அதாவது எழுதும் நேரத்தை ஒத்துப்போக வைக்கும் வேலை, செய்து, கடைசியில் எந்தப் படியில் நின்றது என்று ஒரு எண்ணை எழுதி வைக்கும். சூடாக இருக்கும்போது ஆறாவது பைட்டுக்கு 61. குளிரில் ஒழுங்காக ஓடினால் 65. குளிரில் சொதப்பினால் 3.

65க்கும் 3க்கும் இடையே 62 படி. சிக்னலைத் தாமதப்படுத்தும் எங்கள் டிலே லைனில் ஒரு படி சுமார் 10 பிகோசெகண்ட் (பிகோசெகண்ட் என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), ஆக 620. மெமரி கிளாக் 800 மெகாஹெர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 1,250 பிகோசெகண்ட், அதில் பாதி 625. மெமரி சரியாக அரைச் சுற்று தள்ளி உட்கார்ந்திருக்கிறது! சால்டரிங் கோளாறு இவ்வளவு கணக்காகத் தப்புப் பண்ணாது.

ரைட் லெவலிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்3-இல் கிளாக் கம்பி ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போகும். டேட்டாவை எப்போது பிடிக்க வேண்டும் என்று காட்டும் டிக்யூஎஸ் என்கிற ஸ்ட்ரோப் ஒவ்வொரு சிப்புக்கும் நேராகப் போகும். போர்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 7 பிகோசெகண்ட் ஆகும் என்பதால், கடைசி சிப்பில் கிளாக் அரை நானோசெகண்டுக்கு மேல் பிந்தி வருவது சாதாரணம். ஆனால் எழுதும்போது இரண்டும் கால் சுற்றுக்குள் ஒத்துப்போக வேண்டும். அதனால் கன்ட்ரோலர் டிக்யூஎஸ்ஸை ஒவ்வொரு படியாகத் தள்ளிக்கொண்டே போய், “இப்போ உன்கிட்ட கிளாக் மேலே இருக்கா, கீழே இருக்கா?” என்று சிப்பைக் கேட்கும். டிக்யூஎஸ் ஏறும் கணத்தில் கிளாக்கைப் பிடித்துப் பார்த்து, சிப் டேட்டா கம்பியில் 0 அல்லது 1 என்று பதில் சொல்லும். 0 எங்கே 1 ஆகிறதோ அதுதான் ஏறும் விளிம்பு.

இங்கேதான் வேடிக்கை. இப்படி ஒரு கணத்தில் 0 அல்லது 1-ஐப் பிடித்து வைக்கும் சர்க்யூட்தான் ஃபிளிப்-ஃபிளாப். அதன் கிளாக் அடிக்கும் கணத்தில் டேட்டா மாறக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். மாறினால் அது 0ஆகவும் இல்லாமல் 1ஆகவும் இல்லாமல் மதில்மேல் பூனையாகக் கொஞ்ச நேரம் உட்காரும். எந்தப் பக்கம் குதிக்கும் என்றும் தெரியாது, எப்போது குதிக்கும் என்றும் தெரியாது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சேனியும் சார்லஸ் மோல்னரும் 1973-இல் இதைப் பற்றி எழுதினார்கள். இதை ஒழிக்க முடியாது, பூனை குதிக்கும்வரை பொறுத்திருக்கலாம், அவ்வளவுதான். வேறு கிளாக்கிலிருந்து வரும் சிக்னலை வாங்க, சின்க்ரனைசர் என்று இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பை வரிசையாகப் போடுவதும் அந்தப் பொறுமைக்காகத்தான்.

அந்தப் பொறுமைக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். 400 மெகாஹெர்ட்ஸ் கிளாக், விநாடிக்கு 5 கோடி முறை மாறும் டேட்டா, ஃபிளிப்-ஃபிளாப் தெளியும் காலமாறிலி 50 பிகோசெகண்ட், பாதிக்கப்படும் சாளரம் 100 பிகோசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் நடுவே யாரோ கொஞ்சம் லாஜிக்கைச் செருகிவிட்டதால் தெளிய 1 நானோசெகண்ட்தான் மிச்சம் என்றால், சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு தப்பு. லாஜிக்கைப் பின்னால் தள்ளி 2 நானோசெகண்ட் கொடுத்தால், ஏறத்தாழ 3,700 ஆண்டுக்கு ஒன்று. கோட் ரிவ்யூவில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஆண்ட் கேட்டைப் பார்த்தால்கூட நான் சண்டைக்குப் போவது இதனால்தான்.

எங்கள் டிசைனில் இதெல்லாம் பக்காவாக இருந்தது. ஃபிஃபோ (டேட்டா வரிசை) பாயின்டர்கள் கிரே கோடில், ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் மாறும். கிளாக் கடக்கும் இடங்களைச் சோதிக்கும் டூல் தப்பு பூஜ்யம் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தது. அது பொய்யும் இல்லை. இரண்டுங்கெட்டான் நிலைக்குப் போன ஃபிளிப்-ஃபிளாப் எங்களுடையதே இல்லை, அது மெமரி சிப்புக்குள் இருக்கிறது. எங்களிடம் வந்து சேரும்போது பதில் சுத்தமான 0 அல்லது சுத்தமான 1. கேட்கும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில், அதுதான் சிக்கல். நம் பக்கம் பத்து ஃபிளிப்-ஃபிளாப் போட்டாலும் இது தீராது. ஊரெல்லாம் அந்த விளிம்பைக் கண்டு ஓடும்போது, ரைட் லெவலிங் அதைத் தேடித்தான் போகிறது.

எங்கள் ஃபர்ம்வேரின் விதி இவ்வளவுதான்: 1 வந்தால் 0 வரும்வரை நகரு, அப்புறம் வரும் முதல் 1-இல் நில். பதினேழில், குளிரில் மட்டும், ஆறாவது சிப்பின் இறங்கும் விளிம்பு இரண்டாம் மூன்றாம் படியில் வந்து விழுந்தது. அங்கே பதில் 1, 1, 0, 1 என்று தடுமாறியது. நடுவில் தப்பி வந்த அந்த 0-ஐ நம்பி, அடுத்த 1-ஐ ஏறும் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு 3-இல் நின்றுவிட்டது. சூடானதும் விளிம்பு நாலு படி முன்னால் போய்விடும், தேடல் சுத்தமான 0-இல் தொடங்கும், 61-இல் முடியும்.

தடுமாற்றம் முழுக்கப் பூனையின் வேலை என்று சொல்ல மாட்டேன். கிளாக்கின் நடுக்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, வெளியிலிருந்து இரண்டையும் பிரிக்க முடியாது. மருந்து என்னவோ ஒன்றுதான். ஒரு படியில் ஒரு தடவை கேட்பதை விட்டுவிட்டு 32 தடவை கேட்டோம். முப்பத்திரண்டும் 0 என்றால்தான் அது 0, முப்பத்திரண்டும் 1 என்றால்தான் 1, மற்றதெல்லாம் ‘தெரியாது’. தொடர்ந்து எட்டுப் படி சுத்தமான 0, அப்புறம் எட்டுப் படி சுத்தமான 1, இரண்டுக்கும் நடுவிலுள்ள கலங்கலின் மையத்தில் நிற்பது. பூட் நேரத்தில் சில மில்லிசெகண்ட் கூடியது. மானேஜர் அதற்கும் கொஞ்சம் முணுமுணுத்தார், அது வேறு கதை.

பதினேழை இரண்டு நாள் ஸ்ப்ரேயும் ஹேர் டிரையருமாக மாற்றி மாற்றிப் படுத்தினோம். ஆறாவது பைட் அசையவில்லை.

அப்புறம்தான் தம்பி ஒரு கேள்வி கேட்டான், நான் கேட்டிருக்க வேண்டியது: “அக்கா, மத்த பத்தொன்பது போர்டு லாக்லயும் 58லேர்ந்து 66க்குள்ள எதாவது எண் இருக்கா?” அப்படி இருந்தால் அரைச் சுற்று முன்னால் இருக்கும் இறங்கும் விளிம்பு தேடல் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழும். தேடினோம். இரண்டு போர்டில் இருந்தது, ஒன்றில் 62, இன்னொன்றில் 60. இரண்டும் போன மாதமே வாடிக்கையாளரிடம் போய்விட்டவை. புது ஃபர்ம்வேரை அன்று மாலையே அனுப்பினோம்.