டேங்க் மூடியில் ஒரு ஓட்டை

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும் வழியில் நேற்று மதியம் வண்டி நின்றுவிட்டது. அப்பாவின் பழைய கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர்). பின்னால் அம்மா, தலைக்கு மேல் வெயில். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது, எத்தனை உதைத்தும் எடுக்கவில்லை.

எஞ்சினுக்குள் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் கேப்போடு எஞ்சின் மேல் வைத்து உதைத்தேன். நீலமாகப் பொறி வந்தது. கரண்ட் பழுதில்லை. ஆனால் பிளக் முனை காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் அடியில் பெட்ரோலை வடிக்க உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். நாலு சொட்டு, அதோடு சரி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "மூடியத் தொறந்து பாரு தம்பி."

திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்தது டேங்க். டியூபில் பெட்ரோல் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது!

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகவேண்டும். அதற்குத்தான் மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதைப் புழுதி அடைத்தால் உள்ளே வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டி என்றால் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

அம்மா சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். ஓட்டையைக் குத்தி ஊதினேன். இரண்டாவது உதையில் எடுத்தது. நன்றி சொல்லத் திரும்பினால் பெரியவர் ஆடுகளோடு வரப்பில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.