உப்புக்காற்றில் ஒரு சர்வீஸ் வண்டி

16 ஏப்ரல் 2025

மீன்பிடித் தடைக்காலம் நேற்று தொடங்கியது. ஜூன் 14 வரை, 61 நாளுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகா. மண்டபம் பக்கத்து மீன் கம்பெனிகள் மீனைக் குளிரில் வைக்கும் கோல்டு ரூமை நிறுத்திப் பராமரிப்பு பார்ப்பது இந்தச் சமயத்தில்தான். அந்த வேலை குவிவதற்குள் நம் ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்று, ராமநாதபுரத்தில் வீட்டு வாசலில் ஆம்னி வேனை நிறுத்தி, உள்ளே இருந்த அத்தனையையும் தார்ப்பாயில் இறக்கினோம்.

இறக்கிப் பார்க்கும்போதுதான் உப்பின் வேலை தெரிகிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஸ்க்ரூக்கள் ஒன்றோடொன்று துருவில் ஒட்டிக் கிடக்கின்றன. ஒயர் முனையில் மாட்டும் பித்தளை லக்குகளில் பச்சை பூத்திருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஈயம் பூசிய செம்பு லக்குகள் அப்படியே இருக்கின்றன. இனி அதைத்தான் வாங்குவது.

உள்நாட்டு ஊர்களில் ஏசி சாமான் ஒரு பக்கம், ஃப்ரிட்ஜ் சாமான் ஒரு பக்கம் என்று பிரித்தால் போதும். இந்தக் கரையில் அது போதாது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இதை உப்பு அரிக்குமா, வெயில் கெடுக்குமா, அவசரத்துக்குத் தேவைப்படுமா என்று கேட்டுத்தான் இடம் ஒதுக்க வேண்டும். ஏசியா ஃப்ரிட்ஜா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

17 ஏப்ரல்

பெட்டிக்கடைகளில் கடலை மிட்டாய் போட்டு வைக்கும் திருகுமூடி ஜாடிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே, அதைக் காக்கும் ஓ.எல்.பி. (ஓவர்லோடு புரொடெக்டர்), லக், தெர்மோஸ்டாட் எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். திறந்த தட்டு இனி வண்டிக்குள் கிடையாது. பார்க்க வசதிதான், ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று அத்தனை பொருள்மேலும் படுகிறது.

ஃபில்டர் டிரையர்களுக்குத் தனி ஜாடி. கேஸ் ஓடும் குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சத்தான் டிரையர். அதன் ரப்பர் மூடி கழன்றால் இந்த ஊர்க் காற்றிலேயே நிறைந்துவிடும், பிறகு ஃப்ரிட்ஜில் மாட்டிப் பயனில்லை. கூட வேலை பார்க்கும் பொடியனிடம் சொல்லிவிட்டேன்: குழாயோடு பற்றவைக்க எல்லாம் தயாரான பிறகுதான் மூடியைக் கழற்றணும். மூடி இல்லாமல் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடணும்.

கம்ப்ரசர் ஆயிலும் இப்படித்தான். 134ஏ என்ற குளிரூட்டும் கேஸுக்கு ஊற்றும் பி.ஓ.இ. என்ற செயற்கை ஆயில் ஈரத்தை இழுக்கும். பெரிய கேன் வாங்கினால் லாபம் என்று தோன்றும்; பாதி கேன் மிச்சம் இருந்தால் நஷ்டம். சின்ன டப்பாவே போதும்.

21 ஏப்ரல்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஒரு லாட்ஜ். மாடியில் கடலைப் பார்த்தபடி அவுட்டோர் யூனிட்டுகள். சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மாவாக உதிர்கின்றன. செம்புக் குழாயும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் போகும்.

இங்கிருந்து ஒரு ஸ்க்ரூவுக்காக ராமநாதபுரம் திரும்புவதென்றால் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். லீவு நாளில் பாலத்துமேல் சுற்றுலா வண்டிகள் நின்றுகொண்டு நகர விடாது. அதனால் தீவுக்குள் போகும் நாளுக்கென்று ஒரு பெட்டி தனியாக வைக்கிறேன்: ஃபேன் மோட்டார், அவுட்டோர் ஸ்டாண்டுக்கு 316 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், செம்புக் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டுகள். வழக்கமான 304 கிரேடைவிட 316-க்கு விலை கூடத்தான். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்குகிறது. கடலோரத்துக்கு அதுதான் சரி.

24 ஏப்ரல்

ராத்திரி பதினொன்றரைக்கு உச்சிப்புளி பக்கத்துக் கிராமத்திலிருந்து போன். இறந்துபோன பெரியவரை வைத்திருக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் குளிரவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், காலையில்தான் எடுப்பார்கள்.

அந்த வீட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்குள் குடைந்து நிற்க முடியாது. சனமெல்லாம் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கக் கதவை ஒட்டித் தொங்கும் பையில் ரிலே, ஓ.எல்.பி., கெப்பாசிட்டர், மல்டிமீட்டர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப் இருந்தன. பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கம்ப்ரசர் கிளம்ப முயன்று ஓவர்லோடில் விழுந்துகொண்டிருந்தது. ரிலேயையும் ஓ.எல்.பி.யையும் சேர்த்தே மாற்றியதும் ஓடத் தொடங்கியது. அந்த அம்மா, "நல்லா இருப்பே தம்பி" என்றார்.

திரும்பி வந்ததும், தூங்கப் போகுமுன் பையில் எடுத்ததை ஜாடியிலிருந்து நிரப்பிவிட்டேன். இந்தப் பையிலிருந்து மற்ற வேலைக்கு ஒரு ஒயர் துண்டுகூட எடுக்கக் கூடாது.

5 மே

கத்திரி தொடங்கிவிட்டது. கீழக்கரையில் வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறினால் கைப்பிடி சுடுகிறது. கேஸ் சிலிண்டரை 50 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது என்பார்கள். மூடிய வண்டி அதைச் சுலபமாகத் தாண்டும். இனி அன்றைய வேலைக்கு வேண்டிய சிலிண்டர் மட்டும் ஏறும், மற்றவை வீட்டு நிழலில். ஏற்றுவதையும் பின்கதவை ஒட்டி, நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டுகிறேன். ஃப்ரிட்ஜில் போடும் 600ஏ கேஸ் என்பது ஐசோபியூட்டேன், அடுப்பு கேஸின் சொந்தக்காரன். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை. தரையோரம் துளை வேண்டும், போட்டுவிட்டோம்.

கெப்பாசிட்டரும் சூட்டில் வலு இழக்கும். கூரையடித் தட்டிலிருந்து சீட்டுக்கு அடியில் மாற்றினேன். கம்ப்ரசருக்கு 25, 36, 45, 50 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்), ஃபேனுக்கு 2.5 என்று மேலே பெரிதாக எழுதி நிறுத்தி வைத்தாயிற்று. மாட்டுமுன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளக்கிறோம். போட்டிருக்கும் அளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் புதிதாகவே இருந்தாலும் வேண்டாம்.

9 மே

ஜாடி மூடியின் உட்புறத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கையை மார்க்கரில் எழுதியிருக்கிறோம். வெளியே எழுதினால் வியர்வைக் கை பட்டு அழிந்துவிடுகிறது. இன்று பொடியன் தானாகவே ரிலே ஜாடியைத் திறந்து, "அண்ணே, நாலு இருக்கணும், ரெண்டுதான் இருக்கு" என்றான். மதுரைக் கடைக்குப் போன் போட்டாயிற்று. நாளைக் காலை பஸ் பார்சலில் வந்துவிடும். வாங்கிக்கொண்டு அப்படியே தொண்டிக்குக் கிளம்ப வேண்டும், அங்கே ஐஸ்கிரீம் கடையில் டீப் ஃப்ரீசர் ஓடாமல் நிற்கிறது.