சமயப் பேச்சில் பொதுச்சொற்கள்: நாகப்பட்டினத்து நாட்குறிப்பு

2024 டிசம்பர் 8, ஞாயிறு

சமயத்தைப் பற்றிப் பொது இடங்களில் பேசும்போது நம்மவர்கள் கையாளும் சொற்கள் அண்மைக் காலத்தில் வெகுவாக மாறிவிட்டன. கோயிலுக்குப் போவதால் என்ன பயன் என்று கேட்டால் நேர்மறை ஆற்றல் கிடைக்கிறது என்கிறார்கள். மந்திரம் எதற்கு என்றால் அதிர்வு என்கிறார்கள். நினைத்தது கைகூடினால் பிரபஞ்சம் கொடுத்தது என்கிறார்கள். சிவன், திருமால், அல்லாஹ், இயேசு என்ற பெயர்கள் வரவேண்டிய இடங்களில் எல்லாம் ‘ஏதோ ஒரு சக்தி’ வந்து அமர்ந்துகொள்கிறது.

இந்தச் சொற்களால் சண்டை வராது என்பதை நான் அறிவேன். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் சிங்காரவேலவர், ஊருக்கு நடுவே காயாரோகணரும் நீலாயதாட்சியும் என்று அமைந்திருக்கும் எங்கள் நாகப்பட்டினத்தில் சண்டை வராமலிருப்பது சிறிய நன்மையன்று. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. ‘ஏதோ ஒரு சக்தி இருக்கிறது’ என்னும் கூற்றை நாத்திகரும் மின்சாரத்தை நினைத்து ஒப்புக்கொள்ளலாம். எவராலும் மறுக்க முடியாதபடி சொல்லப்பட்ட ஒன்றை எவராவது நம்புவதாகத்தான் எப்படிச் சொல்ல முடியும்? இதைப் பற்றி இந்த மாதம் முழுவதும் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

நம் முன்னோர் இப்படிப் பேசவில்லை என்பதை நினைவூட்டிக்கொள்வதற்காக மணிமேகலையின் இருபத்தேழாவது காதையை மீண்டும் படித்தேன். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என வரிசையாகக் கேட்டுச் செல்லும் அந்தப் பெண், எவரிடமும் ‘உங்கள் அனுபவம் எப்படி இருக்கிறது’ என்று விசாரிப்பதில்லை. உங்கள் இறைவன் யார், உங்கள் நூல் கூறும் பொருள் யாது என்பதே அவள் கேள்வியாக இருக்கிறது. காப்பியம் பௌத்தத்தின் பக்கம் நிற்பது உண்மைதான் என்றாலும், எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தம் கலைச்சொற்களாலேயே சொல்ல இடம் தரப்பட்டிருக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் அருணந்தி சிவாசாரியர் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை இயற்றியபோதும் இதே நாகரிகத்தைத்தான் காண்கிறோம். தம் சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்ற பகுதியை வைத்து, உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு தரப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் கூறுமாறே கூறிவிட்டு, அதன்பிறகே மறுக்கிறார். மறுப்பு கடுமையாகவே இருக்கிறது. ஆயினும், ஒருவருடைய கொள்கையை இவ்வளவு உழைத்துக் கற்று மறுப்பவர், ‘எல்லாம் ஒன்றுதான், விடுங்கள்’ என்று சொல்லி அதைக் கற்காமலே தள்ளிவிடுபவரைக் காட்டிலும் அதிக மதிப்பைத் தருகிறார் என்றே நான் கருதுகிறேன்.

டிசம்பர் 14, சனி

தர்காவின் ஆண்டுவிழாவான கந்தூரி முடியும் தறுவாயில் நாகூர் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் ஒரே கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். என்னோடு வந்த உறவினர் ஒருவர் பெரிய மினாராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இங்கே ஒரு சக்தி இருக்கிறது” என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். நண்பர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். பின்னர் நாங்கள் தனித்திருந்தபோதுதான் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்.

“அவர் அன்போடு சொன்னார், அதில் ஐயமில்லை. ஆனால் சக்தி என்று சொன்னவுடன் எங்களுக்குள் நடக்கும் பேச்சு முழுவதும் மறைந்துவிடுகிறது” என்றார். அவர் விளக்கியதை இயன்றவரை அப்படியே பதிந்துகொள்கிறேன். அடக்கமாகியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவர் இறைவனுக்கு நெருக்கமானவர், அவரை முன்னிறுத்தி அல்லாஹ்விடம் கேட்பது வசீலா, கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது தர்காவுக்குச் செல்லும் முஸ்லிம்களின் நிலை. அடக்கத்தலத்தில் நின்று கேட்பதே இறைவனுக்கு இணைவைக்கும் ஷிர்க்கில் கொண்டுபோய் விடும் என்பது ஓரிறைக் கொள்கையைக் கறாராக வலியுறுத்தும் தவ்ஹீது அமைப்பினரின் நிலை. நேர்ந்துகொண்டு வந்து மொட்டை அடித்துக்கொள்ளும் இந்துக்களோ பெரும்பாலும் ஆண்டவரையே கொடுப்பவராக எண்ணி வருகிறார்கள். ‘சக்தி’ என்ற ஒரு சொல் இம்மூன்றையும் மூடிவிடுவதால், யாருடைய நம்பிக்கையும் பேசப்படாமல் போகிறது.

அந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட அவர் தம் சமயத்தை விட்டுவிடவுமில்லை, தர்காவைத் தம் சமயத்தின் கிளையாக்கிக்கொள்ளவுமில்லை. இருந்தும் கொடை நடந்தது. தாம் வேறு, அவர்கள் வேறு என்று அறிந்தே கொடுக்கப்பட்ட கொடையாகையால் அதன் அருமை எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியலில் கோயிலில் திருவெம்பாவை கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த விவாதத்தின் மற்றொரு பக்கம் புலப்பட்டது. ‘ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ்சோதி’ என்று மணிவாசகர் தொடங்குகிறார். உருவமில்லை, பெயரில்லை, தொடக்கமில்லை, முடிவில்லை. இதைக்காட்டிலும் விரிந்த சொல்லை எங்கே தேடுவது? அப்படியானால் இதுவும் தெளிவற்ற சொல்தானா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அவ்வாறு கொள்ள முடியாது என்பதற்கு அந்தப் பாடலே சான்று தருகிறது. அடுத்த அடியிலேயே உறங்கிக் கிடக்கும் தோழியை எழுப்பும் கேலி வந்துவிடுகிறது. பாட்டு வளர வளர அண்ணாமலையான் என்று மலையின் பெயர் வருகிறது, நீராட்டு வருகிறது, உன் அடியாரே எங்களுக்குக் கணவராக வேண்டும் என்ற விண்ணப்பமும் வருகிறது. சோதி என்ற சொல்லுக்குப் பின்னால் மாலும் அயனும் தேடிக் காணாத கதையும், ஐந்தொழிலும், தொழும் முறையும் நிற்கின்றன. தெளிவான சொற்கள் அனைத்தையும் கடந்து சென்று, இதற்கு மேல் சொல்லால் எட்டாது என்று நிற்கும் இடத்தில் பிறந்த விரிவு அது. எதையும் கற்பதற்கு முன்பே, எதிலும் மாட்டிக்கொள்ளாமலிருப்பதற்காகச் சொல்லப்படும் விரிவு வேறு. இரண்டும் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதுதான் நம் காலத்தின் இடர்.

வள்ளலாரையும் இவ்வாறே காண்கிறேன். அருட்பெருஞ்ஜோதி என்ற அவர் சொல் எந்தக் கோயிலுக்குள்ளும் அடங்காது. ஆனால் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்து, சீவகாருணியம் என்றால் பசித்தவருக்கு உணவிடுவது என்று ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்துவிட்டதால், அச்சொல்லை ஏற்பவர் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பது அனைவருக்கும் விளங்கியது. புலால் மறுப்பையும் அவர் தளர்த்தவில்லை. அவரை மறுத்த சைவ அறிஞர் ஆறுமுக நாவலருக்கும் எதை மறுக்கிறோம் என்பது தெரிந்தே இருந்தது.

டிசம்பர் 21, சனி

சென்னையில் பணிபுரியும் என் தங்கை மகள் இரண்டு நாள் விடுமுறையில் வந்திருக்கிறாள். இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். அவள் சொன்ன பதில் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று.

“மாமா, உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் சொற்கள் எனக்குப் பூட்டிய கதவாகத் தெரிகின்றன. தீட்சை, ஆகமம், ஆசாரம் என்று தொடங்கினால் அடுத்து சாதி வருகிறது, தீட்டு வருகிறது. பிரபஞ்சம் என்று சொன்னால் என்னை யாரும் வெளியே நிற்கச் சொல்வதில்லை” என்றாள்.

அவள் கூறியதில் உண்மை இருக்கிறது. சமயத்தின் கறாரான சொற்கள் பலரைத் தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தியவை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். காயம்பட்டவர்கள் பெயரற்ற ஒரு சொல்லில் ஒதுங்குகிறார்கள் என்றால் அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பேச்சைத் தொடங்கவாவது அச்சொல் உதவுகிறது என்பதை ஏற்கிறேன்.

ஆனால் அவளை வருத்தும் அநீதியை நீக்குவதற்கு அதே சொல் போதுமா என்று அவளிடம் கேட்டேன். ‘இறைவன் முன் அனைவரும் சமம்’ என்ற வாக்கியத்தை, எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்பவரும் கூறுகிறார், ஆகாது என்பவரும் கூறுகிறார். வேறுபாடு அந்த வாக்கியத்தில் இல்லை. கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமம் என்ன சொல்கிறது, மூர்த்தியைத் தீண்டும் உரிமை பிறப்பால் வருவதா தீட்சையால் வருவதா என்ற இடத்தில்தான் இருக்கிறது. பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கித் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், ஆகம விதி என்ற கேள்வியைத் திறந்தே வைத்தது. அரை நூற்றாண்டாக வழக்குகள் அந்தக் கேள்வியையே சுற்றி வருகின்றன. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினருக்குப் பணி ஆணை வழங்கப்பட்ட பின்பும் விவாதம் அங்கேயே நிற்கிறது. ஆகமத்தைப் படித்து, அதன் சொற்களிலேயே வாதிடுபவர்களால்தான் அந்தக் கதவு திறக்கும். அவள் உடன்படவில்லை, “படிக்கிற உரிமையை முதலில் யார் கொடுத்தார்கள்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

டிசம்பர் 26, வியாழன்

ஆழிப்பேரலை வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் இன்று கடலில் பால் ஊற்றினார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களுக்கும் மன்றாட்டு நடந்தது.

இன்றைய நாளில் என் வாதத்தின் எல்லையை நான் எழுதியாக வேண்டும். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் வினை என்ற சொல்லைச் சொல்ல எனக்கு நா எழாது. அது என் சமயத்தின் தெளிவான சொல், நான் நம்பும் சொல். இருந்தும் அந்த வேளையில் அதைச் சொல்வது கொடுமை. வேளாங்கண்ணியில் வசிக்கும் என் கத்தோலிக்க நண்பர், விவிலியத்தில் பெருந்துயருக்கு ஆளான யோபுவின் கதையை நினைவூட்டினார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளும் இரவும் அவனோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள், வாய் திறந்து கொள்கை பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள் என்றார்.

அப்படியென்றால் அந்த நேரத்தில் பொதுச்சொல் நல்லதா? ‘அவர்கள் ஒளியாக இருக்கிறார்கள்’, ‘பிரபஞ்சத்தோடு கலந்துவிட்டார்கள்’ என்று இன்று ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மீனவப் பெண்களின் முகத்தில் அச்சொற்கள் சென்று சேரவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பெயர் சொல்லி வைக்கும் படையல். வேளாங்கண்ணியில் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று கூட்டமாக ஓதினார்கள். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின், அதாவது இறைவழியில் உயிர்நீத்த தியாகியின், நிலையை அடைகிறார் என்பது நாகூரில் பலருக்கு ஆறுதலாக இருந்ததை நான் 2004இலேயே கேட்டிருக்கிறேன். துயரத்தில் மௌனமும் ஆறுதல் தந்தது, அவரவர் சமயத்தின் சொந்தச் சொல்லும் தந்தது. இடையிலிருந்த பொதுச்சொல் தந்ததாக நான் காணவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

நண்பர்கள் இருவரும் இன்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். அன்று வாயில் வராத வினையைப் பற்றி, இருபது ஆண்டுக்குப் பிறகாவது பேசலாம் என்று நானே தொடங்கினேன். வினை தானாக வந்து பயன் தருவதில்லை, அதை ஊட்டுபவன் சிவன் என்பதையும், மருத்துவர் சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயை இனிப்புக் கட்டியும் பாலும் கொடுத்தும் தீர்ப்பதுபோல இறைவன் இன்பதுன்பங்களை நுகரச் செய்து வினையை அறுக்கிறான் என்று அருணந்தி சிவாசாரியர் கூறுவதையும் எடுத்துச் சொன்னேன்.

நாகூர் நண்பர் இதை ஏற்கவில்லை. முற்பிறவி என்ற ஒன்றை ஏற்காத தமக்கு, ஒன்றும் அறியாத குழந்தைக்கு என்ன நோய் என்பதே விளங்கவில்லை என்றார். வேளாங்கண்ணி நண்பரோ, துன்பத்துக்குக் காரணம் தேடுவதைவிட, துன்பப்பட்ட கடவுளைத் தாம் நம்புவதாகச் சொன்னார். கடவுள் துன்பப்படுவார் என்பதை எங்கள் இருவராலும் ஏற்க இயலவில்லை, அதை அவரிடம் சொல்லியும் விட்டோம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் இவ்வளவு வெளிப்படையாக மறுத்துக்கொண்டது இதுவே முதல்முறை. இரவு உணவு வரை பேச்சு நீண்டது. அடுத்ததாக இறைவிதி என்னும் தக்தீரை எடுத்துக்கொள்வோம், எல்லாம் அவன் விதித்ததே என்றால் மனிதன் எதற்குப் பொறுப்பு என்று நீங்கள் இருவரும் என்னைக் கேளுங்கள் என்று நாகூர் நண்பர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கேட்பதற்கு முன் படிக்க வேண்டியவற்றையும் அவரே கொடுத்திருக்கிறார்.